வீக்கத்தை மறைத்தல் தகுமோ?

(நம் சங்கத்தின் பெரம்பலூர், அரியலூர்க் கிளைகள் ஒருங்கு கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கக் கூட்டங்களிற் பேச எழுவோர் பெரும்பாலும் கல்வி, தொழில், ஒற்றுமை என்னும் மூன்றனுள் ஒன்றையே பொருளாகக் கொள்வர். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ, கூட்டத்திற் சொல்லுதற்குப் பலரும் கூசுவது. வீட்டினுள்ளும் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுவது. கை கால்களில் உண்டாகும் நிணநீர் வீக்கமே அது. கால் வீக்கம் முற்றிய நிலையை உலகர் யானைக்கால் என்பர். இத்தகைய பொருளை இம்மங்கல சபையில் ஏன் எடுத்தீர் என்று வினவுவீராயின், அக்கூச்சமே இந்நோயை வளர்க்கும் உரம் என்பதே எம் விடை.

எம் பெரிய தாயார் கொள்ளிடக் கரையை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தவர். நடவு வேலைக்கும் களையெடுப்பிற்கும் முன்நிற்பவர். இளமையிலேயே ஒருநாள் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. தொடையிடுக்கில் நெறி கட்டிற்று. நான்கு நாளில் எல்லாம் தணிந்தன. பின்னர் மாலைதோறும் வலக்காலில் மெட்டி இறுகும்; பொழுது விடிந்தால் வீக்கம் வடிந்துவிடும். வடிந்துவிடுகின்றதே என்று அவரும் வாளாவிருந்தார், வீட்டாரும் வாளாவிருந்தனர். மூன்றாண்டுகள் இங்ஙனம் கழிந்தன. அதன்பின் வீக்கம் வடிய மறுத்தது. அன்று தொட்டு அவர் புடைவையைத் தரையிற் புரள உடுத்தலானார். திருமணங்களுக்குச் செல்வதை விட்டார். அவர் மகளைப் பெண்பார்க்க வந்தோர், கொல்லைப்புறத்தில் தாயின் காலைக் கண்டு, "இது வழிவழி வரும் வியாதி" என்று சொல்லித் தாம்பூலம் மாற்றாமலே எழுந்து போயினர். போயினோர் அயலார் அல்லர். நம் உறவின் முறையாரே. அப்பெருமாட்டியார் இறுதிவரை அம்மணம் தட்டிப்போனது தம்மால் என்றே எண்ணி வருந்தினார்.

அன்பர்காள்! மாலையில் வீங்கிக் காலையில் வடிந்த அந்த மூன்றாண்டுகளே சிகிச்சைக்குரிய நற்காலம். அக்காலத்தை வீணே கழிய விட்டது எம் குடும்பத்தின் அறியாமை. பின்னர் அவரை மூலையில் இருத்தியது நம் சமூகத்தின் அறியாமை. இவ்விரண்டையும் நீக்குதற்கே இன்று யாம் பேச எழுந்தோம்.

வீக்கம் எங்ஙனம் உண்டாகின்றது?

நம் தேகத்தில் இரத்தம் ஓடும் குழாய்கள் உள்ளமையை யாவரும் அறிவர். இரத்தக் குழாய்களினின்று கசியும் நீரிற் பெரும்பகுதி மீண்டும் அக்குழாய்களுக்கே திரும்பும். எஞ்சி நிற்பது, நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 லிட்டர். அதனைத் திரட்டி மார்பின் மேற்பக்கத்தே இரத்தத்திற் கொண்டு சேர்ப்பவை நிணநீர் நாளங்கள் என்னும் மெல்லிய குழாய்கள். அவற்றின் வழியிடையே அவரைக் கொட்டை போன்ற முடிச்சுகள் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் மிகுதியாக அமைந்துள்ளன. அவை நிணநீரை வடிகட்டி, உட்புகும் கிருமிகளோடு போராடுவன. காலிற் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகின்றதன்றோ? அம்முடிச்சுகள் போரில் ஈடுபட்டுள்ளன என்பதற்கு அதுவே அடையாளம்.

வயலில் வடிவாய்க்கால் தூர்ந்துபோனால் என்னாகும் என்பதை நம் உழவர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை. நீர் தேங்கும்; பயிர் அழுகும்; மண் கெடும். நிணநீர் நாளங்கள் அடைபட்டாலும் பழுதுற்றாலும் தேகத்திலும் அதுவே நிகழும். முதலில் நீர் தேங்கும். அந்நிலையில் காலை உயர்த்தி வைத்தால் வடியும். நாளடைவில் தேங்கிய நீரிலுள்ள புரதப்பொருளால் தோலின்கீழ் நாரும் கொழுப்பும் படிந்து இறுகும். பின்பு உயர்த்தி வைத்தாலும் வடியாது. இறுதியில் தோல் தடித்து மடிப்பும் கரடும் தோன்றும். முதல் நிலைக்கும் பின்னிலைகளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை மனத்தில் நிறுத்துவீராயின் எம் சொற்பொழிவின் பாதிப் பயன் கிடைத்ததாகும்.

காலிற் காணும் வீக்கத்தின் காரணம்

நம் நாட்டில் கால் நிணநீர் வீக்கத்திற்குப் பெருங்காரணமாக இருந்து வருவது நூல் போன்றதொரு புழு. இந்நோய் பழமையானது, ஆயுர்வேத நூல்கள் இதனைச் சிலீபதம் என்று பெயரிட்டு வழங்கின. ஆயினும் அதன் மெய்க்காரணம் விளங்கியது அண்மைக் காலத்திலேதான். 1872-இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் என்னும் மருத்துவர் மனித இரத்தத்தில் இப்புழுவின் குஞ்சுகளைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பாங்கிராப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டார். 1877-இல் சீனத்து அமோய் நகரில் பாட்ரிக் மான்சன் இக்குஞ்சுகள் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். கொசு நோய் பரப்பும் என்பதை உலகம் உணர்ந்ததற்கு இதுவே தொடக்கம்.

நோயுற்றோர் இரத்தத்தில் இக்குஞ்சுகள் நம் நாட்டில் நள்ளிரவையொட்டியே மிகுதியாகத் திரிவன. ஆதலாற்றான் இதற்குரிய இரத்தப் பரிசோதனையை இரவில் வந்து செய்கின்றனர். அவரைக் கண்டு சினந்து கதவடைத்தல் தகாது. இரவிற் கடிக்கும் கியூலெக்ஸ் என்னும் கொசு அவ்விரத்தத்தை உறிஞ்சிப் பின்னர் மற்றொருவரைக் கடிக்குங்கால் புழுவின் இளம்பருவம் அவர் தேகத்தை அடைகின்றது. அது நிணநீர் நாளங்களிற் குடிபுகுந்து 6 முதல் 8 ஆண்டுகள் உயிர் வாழும். அந்நாளங்கள் விரிந்து பழுதடையும். தொற்றுவது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். வீக்கம் தோன்றுவதோ பல்லாண்டுகள் கழித்து. ஆடவர்க்கு விரைவீக்கமாகவும் இந்நோய் வெளிப்படும். அதனை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம்.

கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள கும்பகோணம் ஒரு காலத்தில் யானைக்காலுக்குப் பேர்போன நகராயிருந்ததை முதியோர் அறிவர். அரியலூர்ப் பக்கத்து நம் குடும்பங்கள் அக்கரையோடு கொள்வினை கொடுப்பினை செய்து வந்தவை. ஒரே வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் இந்நோய் வந்ததைக் கண்டு, இது குருதிவழி வருவதென்று நம் முன்னோர் எண்ணினர் போலும். தாயும் மகனும் துயின்றது ஒரே கூரையின்கீழ். அவர்களைக் கடித்தது ஒரே சாக்கடைக் கொசு. இதுவே அதன் உண்மை. யானைக்கால் நோய் தாயின் வயிற்றினின்று மகளுக்கு வருவதன்று, தொடுதலாலும் உடனுண்பதாலும் ஒட்டுவதன்று, முன்வினையும் அன்று. பிறவியிலேயே நிணநீர் நாளங்கள் குறைவுற்று வீங்குவதும் சிலர்க்கு உண்டு. அஃது அரிதானது, வேறொரு நோய். அதனைக் காட்டி எல்லா வீக்கத்தையும் பரம்பரை என்று ஒதுக்குதல் அறிவுடைமையாகாது.

கையிற் காணும் வீக்கம்

இனித் தாய்மார்கள் செவிசாய்க்க வேண்டுகின்றோம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்டிர் இன்று நம் ஊர்களிலும் பலர். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்ற காலத்தில், இந்நோய் என்றாலே முடிவென்று எண்ணினர். இக்காலத்தில் முன்னரே கண்டு சிகிச்சை பெற்றோர் பல்லாண்டு நலமே வாழ்கின்றனர். அங்ஙனம் வாழ்வோர் அறிந்திருக்க வேண்டியதொன்றுண்டு.

அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்ற நேரிடும். முடிச்சுகளைப் பெருமளவு அகற்றினால் ஏறக்குறைய ஐவரில் ஒருவர்க்கு அப்பக்கத்துக் கை பின்னர் வீங்குகின்றது. முதல் முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்து நிறுத்தும் முறையில் அது 100-க்கு 6 பேர் என்னும் அளவாகக் குறைகின்றது. ஆதலின் அறுவைக்கு முன்பே, "எமக்கு அம்முறை பொருந்துமா?" என்று வைத்தியரை வினவுதல் நன்று. அக்குளிற் கதிர்ச் சிகிச்சை பெறுதல், உடற்பருமன், கையிற் புண்பட்டுக் கிருமி புகுதல் ஆகியவை வீக்கத்தின் வாய்ப்பை மிகுவிக்கும். பெரும்பாலோர்க்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுள் வீக்கம் தோன்றும். அதற்குப் பின்னரும் தோன்றலாம்.

பெரம்பலூர் வட்டத்துச் சகோதரி ஒருவரை யாம் அறிவோம். அறுவை முடிந்து ஓராண்டு கழிந்து, பருத்தி எடுக்கும் காலத்தில், இடக்கை வளையல் கழலாமல் இறுகுவதை அவர் கண்டார். கை கனத்தது, இரவிக்கையின் கைப்பகுதி தடம் பதித்தது, வலி இல்லை. எம் பெரிய தாயாரைப் போல் அவர் காத்திருக்கவில்லை. அடுத்த கிழமையே தம்மை அறுத்துச் சிகிச்சை செய்த வைத்தியரிடம் சென்றார். சில கிழமைகள் கட்டுப்போட்டுப் பின்னர் அழுத்த உறை அணிந்தார்; கற்பித்த பயிற்சிகளைச் செய்தார். இன்றும் அவர் பருத்திக்கும் போகின்றார். சின்ன வெங்காயம் ஆய்வதற்கும் போகின்றார். ஒருவர் மறைத்தார், மற்றவர் சொன்னார். இருவர்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

அறுவைக்குட்பட்ட கையால் எவ்வேலையும் செய்யலாகாது என்று நம் வீடுகளிற் சொல்லுவதுண்டு. அது முழுதும் சரியன்று. 2009-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், கைவீக்கம் உடைய 141 பெண்டிருள் ஒரு பிரிவினர்க்குப் பயிற்றுவோர் மேற்பார்வையில் எடை தூக்கும் பயிற்சி சிறிது சிறிதாகக் கூட்டிக் கற்பிக்கப்பெற்றது. அவர்கள் கை அதனால் மேலும் வீங்கவில்லை. நோய் திடுமென மிகுதலும் குறைந்தது. ஆகவே, மருத்துவர் கருத்தறிந்து மெல்லத் தொடங்கி மெல்லக் கூட்டுதலே முறை. கையை முடக்கி வைத்தல் முறையன்று.

தொடக்க அடையாளங்கள்

மெட்டி, கொலுசு, வளையல், மோதிரம் முன்போலன்றி இறுகுதல். ஒரு காலுக்கு மட்டும் செருப்புப் பற்றாமற் போதல். கையோ காலோ கனத்தல். தோலை விரலால் அழுத்தினாற் குழி விழுந்து மெல்ல மறைதல். மாலையில் மிகுந்து காலையிற் குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. தையற்காரரின் அளவு நாடா ஒன்று வீட்டிலிருப்பின், திங்கட்கு ஒருமுறை இரு கைகளையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வைக்கலாம். முன்னைய அளவினின்று ஒரு பக்கம் மட்டும் 2 சென்டிமீட்டர் மிகுந்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அறுவைக்கு முன்னரே முதல் அளவை எடுத்து வைத்தல் மிக நன்று.

ஒன்றனை மறவற்க. வீக்கமெல்லாம் நிணநீர் வீக்கமன்று. இரு கால்களும் ஒருங்கே வீங்கினால் இருதயம், சிறுநீரகம், கல்லீரல், இரத்தக்குறை ஆகியவற்றின் நோயாகவும் இருக்கலாம். ஒரு கால் திடுமென வீங்கிக் கெண்டைச்சதை வலித்தால் இரத்தக்குழாயில் உறைகட்டியதாக இருக்கலாம்; அஃது ஆபத்தானது, அன்றே மருத்துவமனை செல்லற்பாலது. ஆகவே வீட்டிலேயே பெயர் சூட்டி வீட்டிலேயே மருந்து தேடுதல் கூடாது.

நாள்தோறும் செய்யத்தக்கன

நிணநீர் வீக்கம் உடையார்க்குப் பெரும்பகை கிருமி. தேங்கிய நீர் கிருமிக்கு உரமிட்ட வயல். அது நுழையும் வாயில்கள் மிகச் சிறியன: கால்விரல் இடுக்கிற் சேற்றுப்புண், குதிகாலிற் பித்தவெடிப்பு, கருவேல முள் தைத்த துளை, நகச்சுற்று. திருமானூர், தா. பழூர்ப் பக்கத்து நெல்வயல்களில் நாள் முழுதும் சேற்றில் நிற்போர்க்குச் சேற்றுப்புண் புதிதன்று. ஆண்டிமடம், செயங்கொண்டம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைப்போர் கைகளில் ஓட்டெண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோவதும் புதிதன்று. ஏனையோர்க்கு இவை சிறு துன்பம். வீக்கம் உடையார்க்கோ பெருங்கேட்டின் தொடக்கம்.

கிருமி உள்ளே புகுந்தால் நடுக்கமும் காய்ச்சலும் கண்டு கால் சிவந்து கொதிக்கும். அவ்வொவ்வொரு தாக்குதலும் நாளங்களை மேலும் கெடுத்து வீக்கத்தை ஒருபடி உயர்த்திவிட்டே செல்லும். பிரேசில் நாட்டு ரெசிபி நகரில் கெருசா டிரெயர் என்னும் மருத்துவ அம்மையாரும் அவர் தோழரும் செய்த பணி, இத்தாக்குதல்களிற் பெரும்பாலானவை புழுவினால் அன்றிக் கிருமிகளால் நேர்வன என்பதையும், சோப்பும் நீரும் கொண்டே அவற்றைப் பெரிதும் தடுக்கலாம் என்பதையும் உலகிற்குக் காட்டிற்று. விலையுயர்ந்த மருந்தன்று, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள சோப்பும் நீரும்!

அதன் முறை வருமாறு. காலையும் மாலையும், இயலாவிடின் ஒருமுறையேனும், வீங்கிய காலைத் தூய நீராலும் சாதாரண சோப்பாலும் மேலிருந்து விரல் நுனி வரை மெல்லக் கழுவுக. விரலிடுக்கையும் தோல்மடிப்பையும் விடற்க. கொதிநீர் ஆகாது; கல்லால் தேய்த்தல் ஆகாது. பின்னர்த் தூய மென்துணியால் ஒற்றி ஈரம் போக்குக; ஈரம் நின்ற இடுக்கிலேதான் சேற்றுப்புண் பிறக்கின்றது. புண்ணும் அரிப்பும் இருப்பின் வைத்தியர் தந்த களிம்பைத் தடவுக. நகத்தை நேராக வெட்டுக; தோலை வெட்டற்க. உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைக்க. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கற்களை அடுக்கினாற் போதும். இருதய நோயுடையார் மட்டும் வைத்தியரைக் கேட்டே இங்ஙனம் செய்க. குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலும், கணுக்காலைச் சுழற்றலும் நாள்தோறும் பலமுறை செய்யத்தக்க பயிற்சிகள். தசை அசைய, நிணநீர் மேலேறும். இறுகாத செருப்பணிந்தே வெளியிற் செல்க. கைவீக்கத்திற்கும் இவ்வாறே: களை பறிக்கும்போதும் அடுப்படியிலும் கைக்குக் காப்புத் துணியோ கையுறையோ அணிதல், கீறலை உடனே சோப்பிட்டுக் கழுவுதல், ஊசி போட நேர்ந்தால் இயன்றவரை மறுகையை நீட்டுதல்.

காய்ச்சலும் சிவப்பும் கண்ட நாளில் மேற்சொன்ன பயிற்சியையும் கட்டையும் நிறுத்தி, காலை உயர்த்தி இளைப்பாறி, குளிர்நீர்த் துணியிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று கிருமிக்கொல்லி மருந்து பெறுதல் வேண்டும். அச்சமயத்திற் பிடித்துவிடுதலும், சூடு போடுதலும், கீறி நீர் வடித்தலும், பச்சிலை அரைத்துப் புண்ணில் அப்புதலும் பெருந்தீங்கு. எம் பெரிய தாயார்க்கு ஒருவர் சூடு போட்ட தழும்பு இறுதிவரை ஆறாப் புண்ணாகவே இருந்தது. நீர் பிரியும் மாத்திரையை ஆண்டுக்கணக்காக விழுங்குவோரும் உளர். இவ்வீக்கத்திற்கு அது மருந்தாகாது.

கட்டும் உறையும் பற்றி ஒரு சொல். அடுக்கடுக்காகக் கட்டும் சிறப்புக் கட்டுத்துணியும், அளவெடுத்த அழுத்த உறையும் இந்நோய்க்கு முதன்மையான சிகிச்சை. பயின்றோர் தோலை மெல்ல நீவி நிணநீரை வழிப்படுத்தும் முறையும் உண்டு. ஆயினும் காலின் இரத்த ஓட்டம் குறைந்தோர்க்கும் நீரிழிவால் உணர்ச்சி குன்றியோர்க்கும் கட்டு இறுகினால் கேடு விளையும். ஆதலின் பயின்றோர் ஒருமுறை கட்டிக் காட்டக் கற்றபின்னரே வீட்டிற் கட்டுக. முற்றிய நிலையினரும் மனந்தளர வேண்டா. கழுவுதலையும் கட்டுதலையும் விடாது செய்தோர்க்குக் காய்ச்சல் வரவு அருகி, நாற்றம் நீங்கி, நடை எளிதாகின்றது. தொடக்க நிலையினர்க்கோ பெருமளவு மீட்பே கைகூடும்.

புதிதாய் வாராமற் காத்தல்

1955-இல் இந்திய அரசு யானைக்கால் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1947-இற் கண்டறியப்பெற்ற டை எத்தில் கார்பமசின் என்னும் மருந்து இரத்தத்திலுள்ள புழுக்குஞ்சுகளை அழிக்கும். 2004 முதல் நோய் நிலவும் மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை எல்லார்க்கும் இதனை வழங்கும் பெருந்திட்டம் நாடெங்கும் நடைபெற்றது. பின்னர் அல்பெண்டசோல் மாத்திரையும் உடன் சேர்க்கப்பெற்றது. கருவுற்றோர், இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள், கடுநோயுற்றோர் நீங்கலாக ஏனையோர் உணவுக்குப்பின் உட்கொள்வது. நோயில்லாத எமக்கு மாத்திரை எதற்கு என்று வாங்கிக் கூரையிற் செருகி வைத்தோர் நம்மிலும் பலர். குஞ்சுகளைத் தாங்கியவர்க்கு வெளிக்குறி யாதும் இராமையாலன்றோ எல்லார்க்கும் கொடுக்கின்றனர்! அண்டையிலுள்ள இலங்கை 2016-இல் இந்நோயைப் பொதுச்சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையினின்று நீக்கியதாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பெற்றது; தாய்லாந்து 2017-இல் அச்சிறப்பை எய்திற்று. இந்தியா 2027-ஐத் தன் இலக்காகக் கொண்டுள்ளது. ஆயினும் மாத்திரை புழுக்குஞ்சை அழிக்குமேயன்றி, முன்னரே பழுதுற்ற நாளத்தைப் புதுப்பிக்காது. ஆகவே புதிய தொற்று நின்றாலும் பழைய வீக்கத்தைப் பேணும் கடமை நம்மை விட்டு நீங்காது.

கியூலெக்ஸ் கொசு அழுக்கு நீரில் முட்டையிடுவது. மலக்குழியின் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுதலும், சாக்கடையை ஓடவிடுதலும், இரவிற் கொசுவலைக்குள் உறங்குதலும் நம் கையில் உள்ளன. இங்கு ஒன்று வெளிப்படச் சொல்வோம். நாம் ஒரு குலத்தார் என்று கூடியிருக்கின்றோம். கொசுவோ குலம் பார்ப்பதன்று. நம் தெருவை மட்டும் தூய்மை செய்து அடுத்த தெருவின் சாக்கடையைத் தேங்கவிட்டால், அங்குப் பிறந்த கொசு இங்கு வந்தே கடிக்கும். ஊர் முழுதும் நலமாயினன்றி நம் குலம் நலமாதல் இயலாது.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பெரம்பலூர் பிரிந்தது. 2007-இல் பெரம்பலூரினின்று அரியலூர் பிரிந்தது. மாவட்டம் இரண்டாயினும் நம் உறவு ஒன்றே. 2022 முதல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர்தோறும் அணுகத்தக்கன. மிக முற்றிய யானைக்கால் நோயாளர்க்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகையும் அளித்து வருகின்றது. இவை இருந்தும் நம்மவர் சிலர் இருட்டறையில் இருப்பது ஏன்? வெளியே வந்தால் நாம் என்ன சொல்வோமோ என்னும் அச்சத்தாலன்றோ?

ஆதலின் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவது, பெண் கொள்ளவும் கொடுக்கவும் செல்வோர், ஒரு வீட்டில் வீக்கமுடையார் இருத்தலைக் குறையாகக் கொள்வதில்லை என்று இச்சபையில் உறுதிபூணல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் பெண்டிர் இருவர் சுகாதார நிலையத்திற் காலைக் கழுவும் முறையையும் கட்டும் முறையையும் கற்றுவந்து, வீடுதோறும் சென்று கற்பித்தல் வேண்டும். புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட சகோதரிகளைக் கண்டு அளவெடுக்கவும் உதவல் வேண்டும். மூன்றாவது, அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்கு இந்நோயுடையாரைத் தனி அழைப்பிட்டு முன்வரிசையில் அமர்த்தல் வேண்டும்.

எம் பெரிய தாயார் இன்றில்லை. அவர் மகளுக்குப் பின்னர் நல்லிடத்தில் மணம் முடிந்தது. அவள் மக்கள் மூவரும் நலமே உள்ளனர். வழிவழி வருமென்று எழுந்து போனவர் சொல் பொய்த்தது. ஆயினும் அதனைக் காண அத்தாய் இல்லை. நம் வீடுகளில் இன்னும் எத்துணைத் தாய்மார் புடைவையைத் தரையிற் புரள உடுத்து மூலையில் இருக்கின்றனரோ, யாம் அறியோம். இக்கூட்டம் கலைந்து வீடு செல்வோர், இன்றிரவே அவரருகே ஒரு வாளி நீரும் சோப்பும் மென்துணியும் கொண்டு சென்று அமர்வாராக. அவர் காலைத் தம் கையாற் கழுவித் துடைப்பாராக. நாளை விடிந்ததும் அவரை வெளியே அழைத்து வருவாராக.